வாக்கியத்தின் உள்ளமைப்பு: செங்கற்பட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சதுரங்கப்பட்டினத்திற்கு அருகில் ஒரு சிறு கடற்கரைச் சபையில் நான் ஊழியத்தைத் தொடங்கிய காலம். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது, முதிய சபையார் ஒருவர் என் அருகில் வந்து நின்றார். அன்று நான் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கொண்டு, கிறிஸ்துவின் அன்பு என்னும் பொருளில் அருளுரை ஆற்றியிருந்தேன். "ஐயா, கிறிஸ்துவின் அன்புன்னு சொன்னீங்களே, அது அவரு நம்ம மேல வெச்ச அன்பா, நாம அவரு மேல வெச்ச அன்பா?" என்று அவர் கேட்டார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வீட்டிற்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. அருளுரையின் முற்பகுதியில் அத்தொடரை ஒரு பொருளிலும் பிற்பகுதியில் மற்றொரு பொருளிலும் ஆண்டிருந்தேன். இரண்டும் வேறு என்பதையே நான் உணரவில்லை. கிரேக்க ஆறாம் வேற்றுமையின் வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். அவரோ வலை பின்னிப் பிழைத்தவர். ஆயினும் அன்று இலக்கண வினாவை எழுப்பியவர் அவரே.

பின்னர் ஆசிரியப் பணிக்கு வந்தபோது, மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று இருந்தது. ஆங்கில விளக்கவுரைகளில் வாக்கிய வரைபடங்களும் மாற்றிலக்கணம் என்னும் பெயரும் வருகின்றனவே, இவற்றைத் தமிழில் கற்பதற்குரிய நூல்கள் எங்கே என்பதே அக்கேள்வி. ஒரே நூலின் பெயரைச் சொல்லி இதற்கு விடை கூற முடியாது. வேண்டிய பொருள்கள் உள்ளன. ஆனால் அவை மூன்று களஞ்சியங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஒன்று நம் இலக்கண உரையாசிரியர்களுடையது. மற்றொன்று மிஷனரி இலக்கணங்களுடையது. மூன்றாவது இக்கால மொழியியலுடையது. இம்மூன்றும் எவ்வாறு தோன்றின, ஏன் பிரிந்து நின்றன, திருமறையை விளக்குவோர் அவற்றை எவ்வாறு ஒன்றுசேர்க்கலாம் என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இரண்டு கருவிகள்

வாக்கிய வரைபடமும் மாற்றிலக்கணமும் ஒன்றல்ல. முதலாவது ஒரு கற்பித்தல் முறை. இரண்டாவது ஒரு மொழிக் கோட்பாடு.

அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஆசிரியர்களாயிருந்த அலோன்சோ ரீட், பிரெய்னெர்டு கெல்லாக் என்னும் இருவர் 1877ஆம் ஆண்டில் ஆங்கில இலக்கணப் பாடநூல் ஒன்றை வெளியிட்டனர். வாக்கியத்தை ஒரு கிடைக்கோட்டின்மேல் எழுதும் முறையை அது பரப்பிற்று. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு குத்துக்கோடு கிடைக்கோட்டை வெட்டிச் செல்லும். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையிலுள்ள குத்துக்கோடு கிடைக்கோட்டைத் தொட்டு நிற்கும். அடைமொழிகள் சாய்ந்த கோடுகளாய்க் கீழே தொங்கும். மேலைநாட்டு இறையியல் மாணவர் பலர் பவுலின் கிரேக்க வாக்கியங்களை இன்றும் இம்முறையில் வரைந்து பயில்கின்றனர்.

நோம் சோம்ஸ்கி 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூல் மாற்றிலக்கணத்திற்குத் தொடக்கமாயிற்று. ஒரு மொழியின் எண்ணற்ற வாக்கியங்கள் சில எளிய கருவாக்கியங்களிலிருந்து விதிமுறைப்படி மாற்றம் பெற்றுப் பிறக்கின்றன என்பது அதன் கருத்து. 1965இல் வந்த அவருடைய அடுத்த பெருநூல், காதில் விழும் புறநிலை அமைப்பையும் அதன் அடியிலுள்ள புதைநிலை அமைப்பையும் வேறுபடுத்திற்று. அந்நூலின் முன்னுரையில் அவர் பாணினியை நினைவுகூர்வது நம் நாட்டவர் அறியத்தக்கது. 1957ஆம் ஆண்டு நூலில் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, வேடர்கள் சுட்டதையும் வேடர்களைச் சுட்டதையும் ஒருங்கே குறிக்கக்கூடிய ஓர் ஆங்கிலத் தொடராகும். புறத்தே தொடர் ஒன்று; அகத்தே வாக்கியங்கள் இரண்டு. சதுரங்கப்பட்டினத்துப் பெரியவர் கேட்டதும் இதுவே. கிறிஸ்து அன்புகூர்கிறார், கிறிஸ்துவை நாம் அன்புகூர்கிறோம் என்னும் இரு வாக்கியங்களும் புறத்தே கிறிஸ்துவின் அன்பு என்னும் ஒரே தொடராக வந்து நிற்கின்றன.

2. உரையாசிரியர்களின் களஞ்சியம்

தமிழ் இலக்கணத்தில் வாக்கியவியல் இல்லை என்று கூறுவோர் உளர். எழுத்து, சொல், பொருள் என்னும் பகுப்பில் வாக்கியத்திற்குத் தனி அதிகாரம் வகுக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமும் பவணந்தியாரின் நன்னூலும் சொற்கள் தொடரும் முறையையே பெரிதும் ஆராய்கின்றன. நமக்கு வேண்டிய கருவிகள் அங்கே வேறு பெயரில் இருக்கின்றன.

முதலாவது, தொகையும் விரியும். பொற்குடம் என்பதை விரிக்கும்போது, பொன்னால் ஆகிய குடம் என்று உரையாசிரியர் கூறுவர். "ஆல்" என்னும் உருபும் "ஆகிய" என்னும் பயனும் தொக்கு நின்றமையால் அதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். தொக்கு நிற்றல் என்பது மறைந்து நிற்றல். புறத்தே காணாத சொற்களை உள்ளே இருப்பனவாகக் கொண்டு, அவற்றை வெளிக்கொணர்ந்த பின்னரே பொருள் கூறும் முறை இது. ஒரே தொகை இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட விரியக்கூடும் என்றும் நன்னூல் கூறுகிறது. மரவேலி என்பது மரத்தால் ஆகிய வேலியாகவும் இருக்கலாம், மரத்திற்கு இட்ட வேலியாகவும் இருக்கலாம்.

நம் சபை வழக்கிலிருந்தே இதற்கு எடுத்துக்காட்டுத் தரலாம். தேவகோபம், தேவபயம், தேவாலயம் ஆகிய மூன்றும் ஒரே வடிவின. ஆனால் தேவகோபம் என்பதில் கோபம் கொள்பவர் தேவன். தேவபயம் என்பதில் பயப்படுபவர் மனிதர். தேவன் அப்பயத்திற்கு உரியவர். தேவாலயம் என்பதிலோ நிகழ்ச்சியே இல்லை. உரிமை ஒன்றே உண்டு. இவ்வேறுபாடுகளை நாம் பழக்கத்தால் அறிகிறோம். பழக்கம் கைகொடாத தொடர் வரும்போது, அன்று நான் இடறியதுபோல் இடறுகிறோம்.

இரண்டாவது, பெயரெச்சம். பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறினுள் ஒன்றைக் கொண்டு முடியும் என்பது நூற்கொள்கை. மாமல்லபுரம் கடற்கரைத் தொழிலை வைத்தே இதனை விளக்கலாம். மீன் பிடித்த பரதவர், மீன் பிடித்த வலை, மீன் பிடித்த துறை, மீன் பிடித்த விடியல், பிடித்த மீன் ஆகியவற்றில் "பிடித்த" என்னும் எச்சம் ஒன்றே. ஆயினும் அதற்கும் அடுத்த பெயருக்கும் உள்ள உறவு ஒவ்வொன்றிலும் வேறு. முதலாவதில் பரதவர் மீன் பிடித்தனர் என்னும் வாக்கியமும், இரண்டாவதில் வலையால் மீன் பிடித்தனர் என்னும் வாக்கியமும், மூன்றாவதில் துறையில் மீன் பிடித்தனர் என்னும் வாக்கியமும் அடங்கியுள்ளன. "ஆல்", "இல்" என்னும் உருபுகள் பெயரெச்சத் தொடரில் மறைந்துவிடுகின்றன. கேட்பவன் அவற்றை மனத்தில் மீட்டுக்கொண்டே பொருள் உணர்கிறான்.

மூன்றாவது, பொருள்கோள். ஆற்றுநீர், மொழிமாற்று, நிரனிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என நன்னூல் எட்டு வகை கூறும். நம் முன்னோர் கோடு இழுத்துப் படம் வரையவில்லை. ஆனால் பெயர்களிலேயே படம் வரைந்தனர். முதலும் இறுதியும் நாணேற்றிய வில்லின் இரு முனைகள்போல் பூட்டுண்டு நிற்பது விற்பூட்டு. புற்றில் நுழையும் பாம்பு தலைமாறுவதுபோல் அமைவது அளைமறிபாப்பு. ஒரு சொல் எந்தச் சொல்லைப் பற்றி நிற்கிறது என்பதைக் கண்ணுக்கு முன் நிறுத்துவதே இப்பெயர்களின் பயன்.

இக்கல்வி நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. நன்னூல் விருத்தியுரையைத் திருத்தியமைத்த சிவஞான முனிவரே காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தையும் பாடியவர். அக்காஞ்சி 2019 வரை செங்கற்பட்டுடன் ஒரே மாவட்டமாக இருந்தது.

ஆயினும் ஒரு எச்சரிக்கை தேவை. இவற்றைக் கொண்டு மாற்றிலக்கணத்தைத் தொல்காப்பியரே கண்டுவிட்டார் என்று பெருமை பேசுவது அறிவுடைமையாகாது. உரையாசிரியர் நோக்கம் செய்யுளுக்குப் பொருள் காண்பது. மாற்றிலக்கணத்தின் நோக்கமோ ஒரு மொழியில் அமையக்கூடிய வாக்கியங்கள் அனைத்திற்கும் விதி வகுப்பது. நோக்கம் வேறாயினும் கைக்கொண்ட செயலில் ஒற்றுமை உண்டு. அவ்வொற்றுமையை அளவறிந்து பயன்படுத்துவதே நமக்குத் தகும்.

3. மணலில் எழுதிக் கற்றவர்கள்

இரண்டாம் களஞ்சியம் கடல் கடந்து வந்தவர்களால் உருவானது. தமிழை இலக்கண நூலின் துணையோடு பிறருக்குக் கற்பிக்க முயன்ற ஐரோப்பியருள் முன்னோடி, முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபையினரான என்றிக்கே என்றிக்கசு. 1549ஐ ஒட்டி அவர் போர்த்துக்கீசியத்தில் எழுதிய தமிழ் இலக்கணம் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே கிடந்து, நம் காலத்திலேயே அச்சேறிற்று. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவின் கதை நாம் அறிந்ததே. பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் அவர். 1715இல் அவருடைய புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது. மறு ஆண்டில் அவருடைய தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியாயிற்று. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் வந்துள்ளது. இலத்தீன் பெயர்களின் வேற்றுமை அட்டவணையும் வினைத்திரிபு அட்டவணையும் அதன் கட்டுக்கோப்பாக இருப்பதைக் காணலாம். ஐரோப்பியர் ஒருவர் தமக்குத் தெரிந்த இலக்கணத்தின் அச்சில் தமிழை வார்த்தது இயல்பே. ஆனால் அவ்வச்சில் வேற்றுமையுருபுகள் எளிதில் பொருந்தும். எச்சங்களும் தொகைகளும் எளிதில் பொருந்தா.

வீரமாமுனிவரின் நிலை வேறு. அவர் தமிழ்ப் புலவர் மரபை உள்ளே சென்று கற்றவர். கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். தமிழிலேயே தொன்னூல் விளக்கத்தையும் இயற்றினார். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. சமயப் போராட்டத்தில் அவருக்கு எதிர்நின்ற லுத்தரன் மிஷனரிகளே அதனை அச்சிட்டனர். நல்ல கருவி எதிர்த்தரப்பில் இருந்தாலும் அதனை எடுத்துக்கொள்ளத் தயங்காத அந்த மனப்பான்மை நம் மாணவர் கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்று.

செந்தமிழ் இலக்கணமோ நெடுநாள் ஏட்டளவிலேயே இருந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812இல் தொடங்கப்பட்டபின், அதன் உயிர்நாடியாயிருந்த எல்லிஸ் துரையின் விருப்பப்படி முத்துசாமிப் பிள்ளை என்பவர் தென்மாவட்டங்களுக்குச் சென்று வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் திரட்டினார். கற்பதற்குரிய நூல்களைத் தேடி அலைவது நம் மாணவர்க்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

4. மாமல்லபுரத்தில் ஓர் இலக்கண மாணவர்

இவ்விடத்தில் நம் கடற்கரையோடு நேரே தொடர்புடைய ஒருவரைச் சந்திக்கிறோம். பெஞ்சமின் கை பாபிங்டன் சென்னை ஆட்சிப் பணியில் சேர்ந்த இளைஞர். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இவரே. அது 1822இல் சென்னைக் கல்லூரி அச்சகத்தில் வெளியாயிற்று. அதே ஆண்டில் பரமார்த்த குருவின் கதையையும் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். பின்னர் உடல்நலம் கருதித் தாயகம் திரும்பி மருத்துவம் பயின்றார். குரல்வளையை நோக்கும் கண்ணாடிக் கருவி ஒன்றை 1829இல் அமைத்ததனால் மருத்துவ வரலாற்றிலும் இடம் பெற்றார். மொழியைக் கற்றவர் பின்னர் ஒலி பிறக்கும் உறுப்பையே பார்க்க முயன்றது வியப்பானதொரு தொடர்ச்சி.

1828இல் இலண்டன் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தில் படிக்கப்பட்ட அவருடைய கட்டுரை ஒன்று, மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றியது. அக்கல்வெட்டுகளின் பழைய எழுத்தை முதன்முதலில் வாசித்து வெளியிட்டவர்களுள் அவர் ஒருவர். பல்லவ கிரந்தம் அக்காலத்தில் உள்ளூராரும் படிக்க இயலாத எழுத்தாயிருந்தது.

மாமல்லபுரத்திற்கு வடக்கே சில கல் தொலைவில் சாளுவன்குப்பம் உள்ளது. அங்குள்ள அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிப் பாடல்கள் ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும் எதிர்ச் சுவரில் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. நான் மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் இரு சுவர்களுக்கும் நடுவே அவர்களை நிற்கச் செய்வதுண்டு. இருபுறமும் கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறு, பாடல் ஒன்றே. இது எழுத்து வேறுபாடேயன்றி வாக்கிய வேறுபாடன்று என்பதை மறவாமல் கூறுவேன். ஆயினும் புறத்தோற்றத்தைக் கடந்து ஒருமையைக் காணும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் இல்லை. கிறிஸ்துவின் அன்பு என்னும் தொடர் இதற்கு நேர்மாறானது என்பதையும் அங்கேயே விளக்கிவிடலாம். அங்குச் சுவர் ஒன்று, பாடல்கள் இரண்டு.

5. மொழிபெயர்ப்பாளர் முன் நின்ற வாக்கியம்

மிஷனரி இலக்கணங்கள் பெரும்பாலும் பேசவும் பிரசங்கிக்கவும் கற்போருக்காக எழுந்தவை. 1778இல் வேப்பேரியில் வெளியான இலக்கணமும், பின்வந்த போப்பையர், ஆர்டன் ஆகியோர் நூல்களும் அத்தகையனவே. வாக்கியத்தைப் பற்றிய கடினமான சிந்தனை, மொழிபெயர்ப்பு மேசையில்தான் கட்டாயமாயிற்று.

எபேசியர் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் மூன்றாம் வசனம் முதல் பதினான்காம் வசனம் வரை கிரேக்கத்தில் ஒரே வாக்கியமாகக் கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ இருநூறு சொற்கள். கிரேக்கத்தில் தலைமைச் சொல் முன்னே வந்துவிடும். விளக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். தமிழிலோ முற்றுவினை இறுதியில் வரும்; அடைகள் அனைத்தும் தாம் தழுவும் பெயருக்கு முன்னே நிற்க வேண்டும். ஆகவே அவ்வாக்கியத்தை உடைக்காமல் தமிழாக்கினால், கேட்போர் பயனிலை வரும்வரை மூச்சடக்கிக் காத்திருக்க நேரும். உடைத்தால், எது எதனைச் சார்ந்தது என்னும் தீர்மானத்தை மொழிபெயர்ப்பாளரே செய்தாக வேண்டும். ஆங்கில வரைபடத்தை அப்படியே தமிழுக்குப் பெயர்க்க முடியாமைக்கும் இதுவே காரணம். நமக்குப் படத்தின் நங்கூரம் வலக்கோடியில் இருக்க வேண்டும்.

இச்சிக்கலை வெளிப்படையாக எடுத்துப் பேசியவர் ரேனியஸ். 1814இல் சென்னைக்கு வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய அவர், 1827இல் திருமறை மொழிபெயர்ப்பின் நெறிகளைக் குறித்து, தமிழைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை நூல் வெளியிட்டார். 1834இல் அவருடைய தமிழ் இலக்கணம் வந்தது. மூலத்தின் சொல்லமைப்பைவிடத் தமிழ்க் கேட்பவரின் விளக்கத்தை முதன்மையாகக் கொண்ட அவருடைய புதிய ஏற்பாடு பாராட்டையும் கடும் எதிர்ப்பையும் ஒருங்கே பெற்றது. 1871இல் வெளியான பவர் ஐயர் குழுவினரின் ஐக்கிய மொழிபெயர்ப்பு மூலத்தை நெருங்கிச் செல்லும் வழியை மேற்கொண்டது. நம் சபைகளின் காதில் நிலைத்தது அதுவே. இரு தரப்பினரும் அறிஞரே. புறநிலை அமைப்பைக் காப்பதா, உள்ளிருக்கும் உறவைக் காப்பதா என்பதே அவர்களுக்கிடையில் இருந்த வழக்கு. அன்று அவ்வழக்கைக் குறிக்கும் கலைச்சொற்கள் பிறந்திருக்கவில்லை.

அச்சொற்களை மொழிபெயர்ப்புத் துறைக்குக் கொண்டுவந்தவர் யூஜின் நைடா. 1964ஆம் ஆண்டு நூலிலும், 1969இல் சார்லஸ் டேபருடன் இணைந்து எழுதிய நூலிலும், சிக்கலான தொடரை முதலில் கருவாக்கியங்களாகக் குறைத்து, அக்கருவாக்கியங்களை மறுமொழிக்கு மாற்றி, பின் அம்மொழியின் இயல்பான நடையில் மீண்டும் கட்டவேண்டும் என்றார். மாற்கு முதலாம் அதிகாரம் நான்காம் வசனம் அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. பாவமன்னிப்புக்கான மனந்திரும்புதலின் முழுக்கை யோவான் அறிவித்தார் என்று அதன் அமைப்பை நாம் தமிழில் காட்டலாம். இதில் எத்தனை நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன? யோவான் அறிவித்தார்; மக்கள் மனந்திரும்புகின்றனர்; யோவான் அவர்களுக்கு முழுக்குக் கொடுக்கிறார்; மக்கள் பாவம் செய்தனர்; கடவுள் அதனை மன்னிக்கிறார். ஐந்து வாக்கியங்கள். கடவுள் என்னும் சொல் தொடரில் எங்குமே இல்லை. ஆயினும் மன்னிப்பவர் அவரே.

வடிவத்தால் பெயராயும் பொருளால் வினையாயும் உள்ள இத்தகைய சொற்களுக்கு நைடா தனி விளக்கம் தர வேண்டியிருந்தது. நமக்கோ அதற்குப் பெயர் முன்பே உண்டு. அது தொழிற்பெயர். மன்னிப்பு, மனந்திரும்புதல், முழுக்கு என்பவற்றைத் தொழிற்பெயர் என்று அடையாளம் கண்ட மாணவன், "இத்தொழிலைச் செய்பவர் யார்?" என்று கேட்டுவிட்டால் பாதித் தூரம் கடந்தவனாவான்.

6. மூன்றாம் களஞ்சியம்

இதே காலத்தில் தமிழகப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் வேரூன்றிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ச. அகத்தியலிங்கம் எழுதிய தமிழ் ஆக்கமுறை இலக்கணம் 1967இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. சோம்ஸ்கியின் முதல் நூல் வந்து பத்தே ஆண்டுகளில் தமிழ்த் தொடரியலின் ஒரு பகுதி அம்முறையில் ஆராயப்பட்டது. இ. அண்ணாமலை சிகாகோவில் தமிழின் பெயரெச்சத் தொடர்களை ஆராய்ந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்த கு. பரமசிவம், திரும்பு, திருப்பு போன்ற வினையிணைகளை ஆராய்ந்து 1979இல் நூலாக்கினார். மனம் திரும்புவதும் மனத்தைத் திருப்புவதும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது போதகருக்கு அற்பமான வினாவன்று. அவருடைய இக்காலத் தமிழ் மரபு என்னும் நூல் தமிழிலேயே உள்ளது. புதுச்சேரியில் 1989இல் வெளியான தாமஸ் லேமனின் இக்காலத் தமிழ் இலக்கணம், தொடரியலுக்கு விரிந்த இடம் தரும் ஆங்கில நூல். 2011இல் செக் நாட்டின் பிராகா நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 தமிழ் வாக்கியங்களைக் கொண்ட கிளைப்பட வைப்பு ஒன்று கணினிக்காக ஆக்கப்பட்டது. தமிழ் வாக்கியத்திற்கு வரைபடம் உண்டா என்று கேட்ட மாணவர்க்கு இது நேர்விடை.

இக்களஞ்சியம் இறையியல் வகுப்பறைக்குள் போதிய அளவு வரவில்லை. நூல்கள் பல ஆங்கிலத்தில் இருந்தமை ஒரு காரணம். கிரேக்க வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒன்றையொன்று நோக்காமல் நடந்தமை மற்றொரு காரணம். நான் கற்ற காலத்தில் ஒரு வகுப்பில் ஆறாம் வேற்றுமையின் வகைகளைப் படித்தோம். அடுத்த வகுப்பில் வேற்றுமைத்தொகையின் விரிவைப் படித்தோம். இரண்டும் ஒரே செயல் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

7. எல்லைகளும் கடமைகளும்

கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். சோம்ஸ்கியின் கோட்பாடு 1957இல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1981இலும் 1995இலும் வந்த அவருடைய நூல்கள் அதனைப் பெரிதும் மாற்றியமைத்தன. கருவாக்கியம் என்னும் கருத்து கோட்பாட்டில் முன்பிருந்த இடத்தை 1965லேயே இழந்துவிட்டது. ஆகவே நைடாவின் முறையை நாம் பயிற்சிக் கருவியாகக் கொள்ளலாம். இறுதி உண்மையாகக் கொள்ளலாகாது. மேலும், உள்ளமைப்பு இரண்டு என்று காட்டுவதோடு இலக்கணத்தின் பணி முடிகிறது. அவ்விரண்டில் பவுல் கருதியது எது என்பதை முன்பின் வாக்கியங்களே தீர்மானிக்க வேண்டும். ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில், இறையியற் கருத்தைத் தனிச்சொற்களில் தேடுவோரைக் கண்டித்து, பொருளைத் தாங்குவது வாக்கியமே என்று வாதிட்டார். சொல்லாராய்ச்சியில் மகிழும் நம் பிரசங்கிகள் அவ்வெச்சரிக்கையை நினைவிற்கொள்வது நல்லது.

இனி மாணவர்க்கு வேண்டியது வழிமுறை. நன்னூலின் சொல்லதிகாரத்தை உரையோடு படியுங்கள். தொகை, எச்சம், பொருள்கோள் ஆகிய பகுதிகளே முதற்பாடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அடுத்து, பரமசிவத்தின் தமிழ் நூலையும், ஆங்கிலம் வாசிப்போர் லேமனின் நூலையும் கைக்கொள்ளலாம். ரேனியஸ், போப்பையர், ஆர்டன் ஆகியோரின் இலக்கணங்கள் காப்புரிமை கடந்தவை; மின்படிகளாகக் கிடைக்கின்றன. பின்னர் நைடா, டேபர் நூலின் பகுப்பாய்வு இயலைப் படித்தால் மூன்று களஞ்சியங்களும் ஒன்றையொன்று விளக்குவதைக் காண்பீர்கள்.

நூலறிவோடு நில்லாமல், ஒவ்வொரு வாரமும் அருளுரைக்குரிய பகுதியில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றுவினையைத் தாளின் வலக்கோடியில் எழுதுங்கள். அதனைச் சார்ந்தவற்றை இடப்புறம் கிளைகளாக இழுங்கள். தொழிற்பெயர் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, செய்தவர் யார், செயப்பட்டது எது என்று அதன் கீழே சிறு வாக்கியமாக எழுதுங்கள். தொகை ஒவ்வொன்றையும் விரியுங்கள். இருவகையாய் விரிவதாயின் இரண்டையும் எழுதி, முன்பின் வாக்கியங்களைக் கொண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்ய இயலாவிடின் அதனையும் சபைக்கு நேர்மையாகச் சொல்லுங்கள். இதற்கு ஒரு தாளும் ஒரு மணி நேரமும் போதும்.

அம்முதியவருக்கு நான் அடுத்த ஞாயிறு விடை கூறினேன். ஒருவர் எல்லாருக்காகவும் மரித்தார் என்று பவுல் உடனே தொடர்வதனால், அங்கே முதன்மையாகக் கருதப்படுவது அவர் நம்மீது கொண்ட அன்பே என்று கூறி, வாக்கியங்கள் தொடரும் முறையையும் காட்டினேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சரி. நம்ம அன்புன்னா ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது" என்றார். ஒரு வேற்றுமையுருபின் விரியை அறிந்துகொண்டதால் அவர் பெற்ற ஆறுதல் அது. வாரந்தோறும் நம் முன் வந்து அமரும் மக்கள் இத்தகைய ஆறுதலுக்கு உரியவர்கள். அவர்களுக்காகவேனும் நாம் வாக்கியத்தின் உள்ளே செல்லக் கற்றுக்கொள்வோமாக.